மூட்டை சாரும் முருங்கைக்காய்ப் பாயசமும்

வேலையைப் பிறர் தலையில் கட்டுகிறவர்களை உலகம் சோம்பேறி என்று அழைக்கிறது. அந்தச் செயலையே ஒரு கலையாக, ஒரு தவமாக, ஒரு மேதைமையாக நடத்திக் காட்டியவர், செங்கற்பட்டு முதல் மாமல்லபுரத்துக் கடற்கரை வரை தேடினாலும், எங்கள் மூட்டை சார் ஒருவரே. இதை மறுப்பவர் எவராயினும் மேடை போட்டு என்னை அழைக்கலாம். கல்லூரி நாள்களில் நான் வென்ற சுழற்கேடயங்கள் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இன்றும் மின்னிக்கொண்டிருக்கின்றன என்பதை மட்டும் எதிரணியினர் நினைவில் கொள்வது நலம்.

எழுபதுகளின் பிற்பகுதி. புதுப்பட்டினத்தை அடுத்து, கடலைப் பார்த்து நின்ற ஓர் அலுவலகத்தில் எனக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் பிரிவு. கம்ப்யூட்டர் என்பது கல்யாண மண்டபம் போன்றதோர் அறையில், வரிசையாக நின்ற இரும்புப் பீரோக்களின் உருவில், எங்களுக்கு வாய்க்காத குளிர்சாதன வசதியோடு வாழ்ந்த ஒரு ஜீவன். நாம் சொல்ல விரும்புவதை அட்டைகளில் துளைகளாகப் போட்டு அதற்கு ஊட்டவேண்டும். அது அசைபோட்டு, அகன்ற காகிதத்தில் ஆங்கில எழுத்துகளில் விடையைக் கடகடவென்று அச்சடித்துத் தள்ளும். துளை போடும் பொறுப்பு மங்கையிடம் இருந்தது. புதுப்பட்டினத்துக் குப்பத்துப் பெண். பள்ளி இறுதித் தேர்வில் தேறியவர். நாக்கிலும் துளை போடும் இயந்திரம் வைத்திருந்தவர். அந்த ஜீவனுக்கு என்ன ஊட்டுவது என்று யோசிக்கும் பொறுப்பில் இருந்தவர்தாம் மூட்டை சார்.

பெயர்க்காரணம் தோளிலேயே தொங்கியது. செங்கற்பட்டில் காலையில் ஆபீஸ் பஸ் ஏறும்போது அவர் தோளில் ஒரு வேட்டி மூட்டை ஏறும். அதற்குள் அவர் வீட்டுக் கிணற்று நீர் ஒரு பாட்டில், அவருடைய தம்ளர், அவர் உட்காரும் மணை, முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு பல்பு. பல்பு எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? வெளியூர் விடுதியில் தங்கினால் அங்குள்ள பல்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தம்முடைய பல்பை மாட்டிக்கொள்வார். சவரக்கடைக்குச் சொந்தக் கண்ணாடி போகும். கல்யாண வீட்டுப் பந்திக்குச் சொந்த வாழையிலை போகும்.

“வூட்டை விட்டு வெளிய போறவன், வூட்ல இருக்கிறதைக் கூடவே கட்டிகினு போவணும் தம்பி. இல்லாட்டி, போற எடத்துல இன்னா கெடக்குதோ அதான் நமக்கு” என்பார்.

“அப்ப கெணத்தையும் தூக்கிகினு வரவேண்டியது தானே சார்?” என்பார் மங்கை.

“எனக்கு எது தேவையோ அது மட்டும்தான் மூட்டையில வரும். முழு வூட்டையும் தூக்கினா அது குடி மாத்தறது” என்று மிகுந்த பொறுப்போடு பதில் வரும்.

மூட்டை பாதி மனிதர் என்றால், மற்றப் பாதி டிபார்ட்மெண்ட். தமக்குக் கைவராத எந்தக் காரியத்தையும் அவர் செய்ய முயன்றதே இல்லை. அதற்கென்று ஓர் ஆளை நியமித்துவிடுவார். ருசி பார்ப்பது, கான்டீன் சமையற்காரர் கப்பல் கோயிந்துவின் டிபார்ட்மெண்ட். சிரிப்பது மங்கையின் டிபார்ட்மெண்ட். மேலதிகாரி ஏதாவது நகைச்சுவை உதிர்த்துவிட்டுப் போனால், மூட்டை சார் தலையைத் தூக்காமல் சொல்வார்: “மங்கை, ஜோக்கு ஒண்ணு வந்துச்சு. என் பங்குக்கும் சிரிச்சிடு.”

“நல்லாவே இல்லியே சார்.”

“அப்பன்னா பாதி சிரி.”

கோபம் என் டிபார்ட்மெண்ட். இந்த நியமனம் சிங்கப்பெருமாள் கோயில் நிறுத்தத்தில் நிகழ்ந்தது. ஆபீஸ் வேலையாக வெளியூர் போய்த் திரும்பிய ஒரு நாள், நாங்கள் ஏறிய பேருந்தின் கண்டக்டர், மூட்டைக்கு லக்கேஜ் டிக்கெட் வாங்கச் சொல்லி, “இன்னாய்யா, குடித்தனமே நடத்துவ போலகீதே, எறக்கு கீழ!” என்று அதட்டினார். மூட்டை சார் சிறிதும் கலங்கவில்லை. “ஒரு நிமிஷம் இருங்க” என்று அவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, என்னைப் பார்த்து, “தம்பி, இவர்மேல கோவப்படு” என்றார்.

பட்டேன். மூட்டை சுமப்பதன் மாண்பில் தொடங்கி, மனித குலம் மூட்டையோடு குகையை விட்டுப் புறப்பட்ட வரலாற்றை விரித்து, ‘மூட்டையை இறக்கு என்பவன் நாகரிகத்தையே இறக்குகிறான்’ என்று முழங்கி நான் நிமிர்ந்தபோது செங்கற்பட்டு வந்திருந்தது. கண்டக்டர் மூட்டை சாரைப் பார்த்துக் கைகூப்பினார். “அண்ணாத்த, மூட்டைக்கு நானே டிக்கெட் போட்டுக்கிறேன். இவரை உக்காரச் சொல்லு, காது வலிக்குது.” அந்த வினாடி முதல் மூட்டை சாரின் சினம் அனைத்துக்கும் நான் ஏகபோக உரிமையாளன்.

இத்தகையவர் கம்ப்யூட்டருக்கு எழுதினால் எப்படி இருக்கும்? அவரைப் போலவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு மொழி அவர் கைக்குக் கிடைத்தது. எங்கு பார்த்தாலும் அடைப்புக்குறி. “நண்டு நடந்த மணல் மாதிரி கீது” என்பது மங்கையின் மதிப்புரை. அம்மொழியில் ஒரு வேலையையே ஒரு பொருளைப் போல எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்துவிடலாம். ஆனால் அப்படிப் போகிற வேலைக்கு, தான் எழுதப்பட்ட இடத்தில் சொற்களுக்கு இருந்த பொருளைக் கூடவே மூட்டை கட்டத் தெரியவில்லை என்று மூட்டை சார் கண்டுபிடித்தார். கண்டதும் அவர் மனம் தாளவில்லை. அல்லும் பகலும் உழைத்து, கம்ப்யூட்டருக்கு மூட்டை கட்டக் கற்றுக்கொடுத்து, எல்லாவற்றையும் ஒரு காந்த டேப்பில் ஏற்றி வைத்தார். அந்த டேப்பை அவர் பார்த்த பார்வையை, பெற்ற பிள்ளையைப் பார்ப்பவரிடத்தும் நான் கண்டதில்லை.

வந்தது வினை. எங்கள் பிரிவுக்குக் கத்தரிக்கோல் என்று நாங்கள் அழைத்த அதிகாரி தலைவராக வந்தார். எதைக் கண்டாலும் வெட்டுவார். சாக்குக்கட்டியைப் பாதியாக வெட்டிக் கொடுப்பார். தேநீர் வேளையை வெட்டினார். என் ஆண்டு விழா வரவேற்புரையையும் வெட்டினார். இந்தக் கடைசிக் கொடுமையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். அவருக்குப் பிடித்த பழைய கம்ப்யூட்டர் மொழியோ அவர் சாயலிலேயே இருந்தது. யார் வருவார், எங்கே அமர்வார், என்ன செய்வார் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால்தான் வாய் திறக்கும்.

“டேப்பு வீணா கிடக்குது. அழிச்சிட்டு மழை அளவுக் கணக்கை ஏத்தப் போறேன்” என்றார் கத்தரிக்கோல்.

மூட்டை சார் என்னைப் பார்த்தார். நான் கோபப்பட்டேன். என் வாதத்தின் வேகம் தாங்காமல் கத்தரிக்கோல் ஒரு நிபந்தனைக்கு இறங்கினார். அலுவலகத்தின் ஆண்டு விருந்து மாமல்லபுரத்துச் சவுக்குத் தோப்பில் நடக்கவிருந்தது. தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார். “உன் மொழியில அந்த விருந்துக்குத் திட்டம் போட்டுக் காட்டு. எந்த இலையில எது, எதை எப்படிச் சமைக்கிறதுன்னு கம்ப்யூட்டரே அச்சடிக்கட்டும். ஒழுங்கா நடந்தா டேப்பு பிழைக்கும். சொதப்பினா டேப்பு அழியும், நீ கிடங்குக்குப் போய் ஆணி எடுத்துக் கொடுத்துகினு உக்காந்திருக்கலாம்.”

அவர் போனதும் மங்கை கேட்டார்: “கவலைப்படறது யார் டிபார்ட்மெண்ட் சார்?”

“அதையும் நீயே சேர்த்துப் பாத்துக்க.”

“சிரிக்கிறதும் நானு, கவலைப்படறதும் நானா? டபுள் டூட்டி சார், பேஜாரா கீது!”

விருந்துப் புரோகிராம் உருவான அழகை நான் சொல்லியே ஆகவேண்டும். முதலில் ‘விருந்து’ என்று ஒரு சொல். அதன் வயிற்றுக்குள் ‘பந்தி’. பந்தியின் வயிற்றுக்குள் ‘இலை’. இலையின் வயிற்றுக்குள் பொரியல், கூட்டு, அப்பளம் என்று வெறுமனே பெயர்களை அடுக்கிக்கொண்டே போவார். யார் வைக்கவேண்டும், எங்கே வைக்கவேண்டும் என்று ஒரு சொல்லும் இராது.

“எப்படி சார், பொரியல்னு சொன்னா மட்டும் இலையில விழுந்துடுமா?” என்றேன்.

“இலைக்குன்னு உள்ள ஒரு ஆளை உக்கார வெச்சிருக்கேன். பொரியல்னா அவனுக்குத் தெரியும், வெச்சிடுவான். ‘பாய் விரி’ன்னா அவனுக்குத் தெரியாது, பந்திக்காரன்கிட்ட தள்ளிவிடுவான். ‘அடுப்பு மூட்டு’ன்னா பந்திக்காரனுக்கும் தெரியாது, அவன் சமையற்கட்டுக்குத் தள்ளுவான். சொல்லு வந்து நிக்கிறப்போ யாருக்குத் தெரியுமோ அவன் செய்யறான். முன்னாடியே எழுதி வாங்கத் தேவையில்லை.”

நான் உற்றுப் பார்த்தேன். பீரோக்களுக்குள் எங்கள் பிரிவே குடியிருந்தது.

அந்த வாரத்தில்தான் அவருக்குக் கூடுவாஞ்சேரியில் பெண் பார்க்கும் படலமும் நேர்ந்தது. உறவினர் எவருமில்லாத அவருக்கு உறவாக நான் போனேன். பஜ்ஜி வந்தது, பெண் வந்தார், பெண்ணின் தந்தை கேட்டார்: “மாப்ளைக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குதுங்களா?”

“அவங்களுக்கு எப்படியோ, எனக்கும் அப்படித்தாங்க” என்றார் மூட்டை சார்.

எல்லாரும் பெண்ணைப் பார்த்தோம். “அப்பா சொல்றதுதான்” என்றார் பெண்.

எல்லாரும் தந்தையைப் பார்த்தோம். “நான் இன்னாம்மா சொல்றது? மாப்ளை சொல்றதுதான் எனக்கு.”

எல்லாரும் மூட்டை சாரைப் பார்த்தோம். “அதான் சொன்னேனுங்களே, அவங்களுக்கு எப்படியோ...” என்றார் அவர். பார்வைகள் இவ்வாறே வட்டமிட்டன. பஜ்ஜி ஆறியது. காபி ஆடை கட்டியது. பெண்ணின் அத்தை எழுந்து விளக்கேற்றிவிட்டு வந்து அமர்ந்தார். கடைசி வரை ஒருவரும் முடிவு சொல்லாததால், ரயிலுக்கு நேரமாயிற்று என்று நானே அனைவரையும் விடுவித்து, மூட்டை சாரை அழைத்து வந்தேன்.

மறுநாள் கம்ப்யூட்டரில் விருந்தை ஓடவிட்டோம். ஓடியது; ஓடியது; ஓடிக்கொண்டே இருந்தது. விளக்குகள் கண்ணடித்தன, காகிதம் அசையவில்லை. மங்கை பீரோவில் காதை வைத்துக் கேட்டார். “இன்னா சார், நம்ம ஆபீஸ் ஃபைலு மாதிரி சுத்திகினே கீது, எவனும் கையெழுத்து போடமாட்றான்?”

மூட்டை சார் அட்டைகளைப் புரட்டினார். ‘தண்ணீர்’ என்ற சொல் இலைக்குத் தெரியவில்லை; பந்திக்குத் தள்ளியது. பந்தி சமையற்கட்டுக்குத் தள்ளியது. சமையற்கட்டுக்கும் தெரியாத சொல் வந்தால் யாரிடம் தள்ளுவது என்ற இடத்தில், அவர் கை தவறி இலையின் பெயரை எழுதியிருந்தார். அந்த அட்டையை உருவி என்னிடம் நீட்டி, “கூடுவாஞ்சேரி” என்றார். அதன் பிறகு எங்கள் பிரிவில் எந்தக் காரியம் சுற்றிச் சுற்றி வந்தாலும் அதற்குக் கூடுவாஞ்சேரி என்றே பெயர்.

திருத்திக்கொண்டே அவர் சொன்னார்: “தள்ளலாம் தம்பி. தள்ளறது தப்பில்லை. ஆனா கடைசியா ஒருத்தன் இருக்கணும். ‘எனக்கு அப்பால யாரும் இல்லை, இது என்னுது’ன்னு சொல்றதுக்கு.”

விருந்து நாள் விடிந்தது. இரண்டு பந்தி: ஒன்று மீன் பந்தி, ஒன்று சைவப் பந்தி. இரண்டுக்கும் பொதுவாகச் சேமியாப் பாயசம். இலை போடும் திசையைச் சரிபார்க்க மூட்டை சாரும் நானும் மங்கையும் காலையிலேயே தோப்புக்குப் போய்விட்டோம். கம்ப்யூட்டர் அன்று காலை அச்சடித்த சமையல் குறிப்பு, எங்கள் கண்ணில் படாமலே ஜீப்பில் வந்து நேரே கப்பல் கோயிந்துவிடம் போயிற்று. கோயிந்து பலகாலம் கப்பலில் சமைத்தவர். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்துவிடுவார். தென்னங்கீற்று மறைப்புக்குப் பின்னால் அண்டாக்கள் கொதித்தன. எல்லாம் நலமே நடந்தது, பாயசம் வரும் வரை.

சைவப் பந்தியின் முதல் இலையில் பெரிய அதிகாரி. தம்ளரிலிருந்து ஒரு மடக்கு பருகினார். பருகுவதை நிறுத்தினார். வாய்க்குள் விரலை விட்டு நீளமாக எதையோ உருவினார்.

“என்னய்யா இது?”

“முருங்கைக்காய் சார்” என்றார் பக்கத்திலிருந்த கத்தரிக்கோல்.

“அது தெரியுது. பாயசத்துல அது என்ன பண்ணுது?”

அதே வினாடியில் மீன் பந்தியிலிருந்து மங்கையின் குரல் தோப்பையே உலுக்கியது: “யோவ் கோயிந்து! பாயசத்துல வஞ்சிரத் துண்டு கீதுய்யா!”

கோயிந்து கரண்டியோடு வெளியே வந்தார். “கம்ப்யூட்டர் போட்டுகீது, நான் செஞ்சிகீறேன். வெல்லம், பாலு, வஞ்சிரம். கப்பல்ல வெள்ளைக்காரனுக்கு இத்தைவிட கேவலமாலாம் செஞ்சிருக்கேன், ஒருத்தனும் கேள்வி கேட்டதில்ல!”

கத்தரிக்கோலின் முகத்தில் விளக்கு எரிந்தது. “பார்த்தீங்களா சார்? இதுக்குத்தான் சொன்னேன். திங்கட்கிழமையே அந்த டேப்பை அழிச்சிடறேன்.”

மூட்டை சார் என்னைப் பார்த்தார். சவுக்குத் தோப்பில், கடற்காற்றில், அத்தனை இலைகளின் முன்னிலையில் நான் எழுந்தேன். பலாவைப் பாயசமாக்கிய இனம், பருப்பைப் பாயசமாக்கிய இனம், முருங்கையை மட்டும் வாசலில் நிறுத்துவது எந்த நீதி என்று கேட்டேன். புதுமையை முதல் மடக்கிலேயே துப்பியவர்களை வரலாறு எங்கே வைத்திருக்கிறது என்று வினவினேன். கைத்தட்டல் கடலலையை அடக்கியது.

பெரிய அதிகாரியும் தட்டினார். தட்டி முடித்துவிட்டு, “பிரமாதமாப் பேசறே. உள்ளே எப்படி வந்தது?” என்றார்.

என் வாழ்நாளில் மேடையில் சொல் தீர்ந்தது அன்றுதான். தொண்டையைச் செருமினேன், தலைப்பை மாற்றலாமா என்று எண்ணினேன். அப்போது இலையும் பந்தியும் சமையற்கட்டும் நினைவுக்கு வந்தன. “ஐயா, இது எனக்குத் தெரியாது. மூட்டை சாருக்குத் தெரியும்” என்று சொல்லி உட்கார்ந்தேன்.

மூட்டை சார் எழுந்தார். யாரிடம் தள்ளுவது என்று பார்த்தார். பேச்சின் டிபார்ட்மெண்ட் உட்கார்ந்துவிட்டது. சிரிப்பின் டிபார்ட்மெண்ட் வாயைப் பொத்திக் குலுங்கிக்கொண்டிருந்தது. ருசியின் டிபார்ட்மெண்டோ குற்றவாளிக் கூண்டில். மனிதர் மெல்லத் தம் மூட்டையை அவிழ்த்தார். பாட்டில் தண்ணீரைத் தம்ளரில் ஊற்றிப் பெரிய அதிகாரியிடம் நீட்டினார்.

“எங்க வூட்டுக் கெணத்துத் தண்ணி சார். குடிங்க.”

அவர் குடித்து, “நல்லா இருக்கே” என்றார்.

மூட்டை சார் பாட்டிலையும் மூட்டையையும் என் மடியில் வைத்தார். தம்ளரோடு நேரே கடலுக்கு நடந்தார். அலையில் மொண்டார். திரும்பி வந்து, “தண்ணி சார், குடிங்க” என்று நீட்டினார். முதல் தம்ளரின் இனிமையில் மயங்கியிருந்த பெரிய அதிகாரி யோசிக்காமல் வாயில் ஊற்றி, முருங்கைக்காயைவிட வேகமாக வெளியேற்றினார்.

“தண்ணின்னுதான் சார் ரெண்டு தடவையும் சொன்னேன்” என்றார் மூட்டை சார். “மூட்டை இருந்தப்போ எங்க வூட்டுத் தண்ணி. மூட்டை இல்லாதப்போ, நிக்கிற எடத்துத் தண்ணி. பாயச வேலையில ‘பிரதானம்’னு எழுதியிருந்தேன். நான் எழுதின எடத்துல பிரதானம்னா சேமியா. அந்த சேமியாவை மூட்டை கட்டிகினுதான் அது பந்திக்குப் பந்தி போவும். மூட்டை இல்லாம போயிருக்குது சார். சைவப் பந்தியில பிரதானம் முருங்கைக்காய். மீன் பந்தியில வஞ்சிரம். அங்க கெடந்ததை எடுத்துப் போட்டுகினு வந்துடுச்சு.”

“மூட்டையை யார் எடுத்தது?”

கத்தரிக்கோல் தாமே வாய் திறந்தார். “நேத்து சாயங்காலம் மழைக்கணக்கு ஓட்டினேன் சார். மெஷின்ல இடம் பத்தலை. மூட்டை கட்டற பகுதி சும்மா சுமைன்னு நினைச்சு... வெட்டிட்டேன்.”

சினம் என் நாவில் துள்ளியது. மூட்டை சார் என் தோளில் கைவைத்து அழுத்தினார். “எடம் நெசமாவே பத்தாது சார். சின்ன மெஷினு” என்றார்.

பெரிய அதிகாரி அந்த முருங்கைக்காயை எடுத்து, யோசித்தபடி மென்றார். “வெல்லத்துல முருங்கை... அவ்வளவு மோசமில்லை” என்றார். பிறகு தீர்ப்பு வந்தது. “டேப்பை யாரும் தொடக்கூடாது. எங்க கிட்ட பெரிய மெஷின் இருக்கு, மூட்டைக்கு இடமும் இருக்கு. டேப்பையும் இவரையும் தலைமையகத்துக்கு அனுப்பிடுங்க.”

நாங்கள் ஆர்ப்பரித்தோம். கோயிந்து கரண்டியை வானில் வீசினார். டேப் பிழைத்தது, டேப் பிழைத்தது என்று திரும்பும் பஸ்ஸில் பாதி வழி வரை கூவிக்கொண்டு வந்தோம். அப்புறம் மங்கைதான் கேட்டார்: “அப்ப சார் போயிடுவாரா?”

செங்கற்பட்டு ரயில் நிலையத்துக்கு மங்கையும் நானும் வழியனுப்பப் போனோம். டேப் மூட்டைக்குள் இருந்தது, பல்புக்குப் பக்கத்தில்.

“அங்கே கோபம் யார் டிபார்ட்மெண்ட் சார்?” என்றேன்.

“யாராவது கெடைப்பாங்க. உன் அளவுக்குக் கத்தமாட்டாங்க.”

“சிரிப்பு?” என்றார் மங்கை.

“நீ சிரிச்சதே கொஞ்சம் மீதி கீது. அதுவே போதும்.”

வண்டி வந்துவிட்டது. அவர் ஏறி, சன்னலோரம் மணையைப் போட்டு அமர்ந்தார். நான் கேட்டேன்: “பிரியற வருத்தம் யார் டிபார்ட்மெண்ட் சார்?” எனக்குத்தான் தருவார் என்று எண்ணினேன். தந்தால் பேசுவதற்குப் பொருத்தமான உரையும் கைவசம் இருந்தது. அவர் என்னைப் பார்த்தார், மங்கையைப் பார்த்தார். இறுகக் கட்டியிருந்த மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி கட்டினார்.

“அதுக்கு அப்பால யாரும் இல்லை தம்பி. அது என்னுது.”

இப்போதெல்லாம் நான் வெளியூர் மேடைகளுக்குப் போகும்போது என் பையில் எங்கள் வீட்டுக் கிணற்று நீர் ஒரு பாட்டில் வருகிறது. தொண்டைக்கு நல்லது என்று கேட்பவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.